மந்திரித்த விதை

செவ்வாய்க்கிழமை பங்கிராஸ் நூறு புடலை விதையை எண்ணி, ஈரச் சாக்கில் வைத்துச் சுருட்டினார். அடுத்த செவ்வாய் பிரித்துப் பார்த்தால் முளைத்திருந்தவை இருபத்திரண்டு. அவையும் நூல் மாதிரி வேரை நீட்டிவிட்டு இதற்கு மேல் முடியாது என்று படுத்துக் கிடந்தன. மற்றதெல்லாம் விரலால் அமுக்கினால் கொழகொழவென்று நாறியது.

இதே விதையைத்தான் ஒன்பது நாளுக்கு முன்பு ஊரில் பதினோரு வீட்டுக்கு அள்ளிக் கொடுத்திருந்தார்.

அது குட்டைப் புடலை. முழ நீளத்துக்கு மேல் வளராது. பக்கத்தில் வேறு புடலை இருந்தால் தேனீ இங்கேயும் அங்கேயும் உட்கார்ந்து இனத்தைக் கெடுத்துவிடும், விதைக்கொடி ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதை ஆபீசர் சொல்லிவைத்தார். பங்கிராஸ் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். ஊரை விட்டு மேற்கே, மலையடிவாரத்தில் நிலம் வாங்கி அங்கேயே வீட்டையும் கட்டிக்கொண்டார். புடலைக்குத் தனிக்குடித்தனம் வைத்த முதல் மனுசன் நீங்கதான் என்று அவர் மனைவி ரீட்டா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ரீட்டா போய் நாலு வருசமாகிறது. இப்போது கேலி செய்யவும் ஆளில்லை.

வருசத்தில் ஒரு நாள்தான் அந்த வீட்டுக்கு ஆள் வரும். ஆடி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் விதைத் தட்டில் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிறகு பதினோரு வீட்டாளும் பங்கிராசுடனேயே தோட்டத்துக்கு நடந்து வருவார்கள். விதைக்குக் காசு வாங்குவதில்லை. ஆளுக்கொரு படி தானியம் வைத்துவிட்டு, வருசம் எழுதிய பொட்டலத்தை வாங்கிக்கொள்வார்கள். பங்கிராஸ் மொச்சை அவித்து, காப்பி போட்டு, பிள்ளைகள் தோட்டத்தில் ஓடி வரப்பை மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதட்ட மாட்டார். அந்த ஒரு நாளின் சத்தத்தை வைத்துத்தான் அவருக்கு மிச்ச வருசம் ஓடியது.

இந்த வருசம் என்ன தப்பு நடந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சித்திரையில், காய் பழுத்து விதை முற்றுகிற நேரத்தில், மகள் அமுதாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வந்தது. கம்பம் போய், அங்கிருந்து ஜீப்பில் மலையேறிக் கேரளத்துக் கட்டப்பனைக்கு மகள் வீட்டுக்குப் போனார். போர்வெல் மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது, கரண்ட் வந்தால் தானாக ஓடும் என்று நம்பிக்கை. நாலு நாளில் திரும்புவதாகத்தான் போனார். அங்கே வீடு நிறைய ஆட்கள். சம்பந்தி வீட்டார் மலையாளமும் தமிழும் கலந்து பேசிச் சிரித்தார்கள், பேரன் அவர் நெஞ்சில் கிடந்து தூங்கினான். யாரும் போகச் சொல்லவில்லை, அவரும் கிளம்பவில்லை. இங்கே அவர் போன மறுநாளே பியூஸ் போய்விட்டது. பதினாறு நாள் கழித்து வந்து பார்த்தபோது கொடி கயிறாகத் தொங்கியது.

ஆனால் பழம் மட்டும் சிவந்திருந்தது. சிவந்தால் விதை முற்றியதாகத்தான் அவர் கணக்கு. தண்ணீரில்லாத கொடி, பிள்ளைக்குப் பால் ஊட்டி முடிக்காமலேயே கண்ணை மூடிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் தெரியாத மாதிரி அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தார். பார்க்க எப்போதும் போலவே பழுப்பாக, வரி வரியாக இருந்தன. இத்தனை வருசத்தில் ஒரு விதைகூடத் தன்னை ஏமாற்றியதில்லை என்ற மிதப்பில் சோதித்தும் பார்க்கவில்லை. பழைய விதையை மிச்சம் வைக்கிற வழக்கமும் கிடையாது. சாக்கில் நாறிய எழுபத்தெட்டோடு இனமே போயிற்று என்றுதான் அர்த்தம்.

இனம் போனதைவிட மற்றதுதான் அவரை உலுக்கியது. பதினோரு வீட்டுப் பட்டமும் தன்னால் பாழ். இனி அவர் வீட்டுக்கு யார் வருவார்கள்? நடாதவர்களைத் தடுக்கலாம், நட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஆடி முடிவதற்குள் வேறு விதை போட்டுக்கொள்ளட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

முதலில் இமானுவேல் வீடு. பந்தலடியில் நாற்று இரண்டு இலை விட்டு ஜோராக நின்றது. பங்கிராசுக்கு ஒன்றும் புரியவில்லை. விதை சரியில்லை என்று அவர் ஆரம்பித்ததும், அதைப் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் வெயிலில் அலையாதீர்கள் என்று இமானுவேல் பேச்சை மாற்றி மோர் கொடுத்தான். குழியோரத்துக் குச்சியில் கடை விதையின் பாக்கெட் சொருகியிருந்தது. அதைப் பார்த்தும் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கப் பங்கிராஸ் மனசு மறுத்தது.

அடுத்தது செல்வமணி வீடு. ரீட்டாவோடு ஒன்றாகப் பூச்செடி வைத்துத் திரிந்தவள். அவளிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பேரனைக் கொஞ்சிக்கொண்டு இருந்துவிட்டதையும் சொன்னார். உன் பட்டத்தையும் கெடுத்துவிட்டேன் தாயி என்றார்.

செல்வமணி உள்ளே போய், அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு, பொட்டலங்களை எடுத்து வந்தாள். ஐந்து. ஐந்திலும் அவர் கையெழுத்து. ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"நீட்டுப் புடலதான்ணே கம்பம் மார்க்கெட்டுல போகுது. குட்டைய எவனும் கேக்குறதில்ல. மந்திரிச்ச விதையத் தூரப் போடவும் மனசு வரல. குருத்தோலை ஞாயித்துல கோயில்ல குடுக்குற ஓலை கணக்கா, சாமிக்குப் பின்னால வச்சிருக்கோம். எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான்."

"பெறகு எதுக்கும்மா வருசம் தவறாம வந்தீக?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரீட்டாக்கா தவறுன வருசமே எல்லாரும் பேசிக்கிட்டோம். அங்கன ஒத்தையில கெடக்காக, அந்த ஒரு நாளாச்சும் போயிட்டு வந்துரணும்னு."

பங்கிராஸ் அப்படியே படியில் உட்கார்ந்தார். யாருடைய பட்டமும் கெடவில்லை. சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் கெடுத்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. திட்டுவதற்காவது ஒருத்தர் வீடு தேடி வந்திருப்பார். அவர் அவித்துவைத்த மொச்சையைப் பதினோரு வீடும் இரக்கத்துக்குத் தின்றிருக்கிறது. நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

கை சும்மா இருக்கவில்லை. போன வருசத்துப் பொட்டலத்தைப் பிரித்தது. நாலைந்து விதையை உள்ளங்கையில் போட்டு ஏந்திப் பார்த்தார். கனம் இருந்தது. ஒன்றை நகத்தால் பிளந்தார். பருப்பு ஓட்டை முட்டிக்கொண்டு வெள்ளையாக நின்றது. அந்த வருசம் அவர் எங்கேயும் போகவில்லை. கூப்பிடவும் ஆளில்லை. பேச்சுத் துணையில்லாமல் காலையும் மாலையும் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார், கொடி வயிறாரக் குடித்தது. அவர் ஒண்டியாய்க் கிடந்த வருசத்து விதைதான் நல்ல விதை. யாரும் நடாமல் போனதால்தான் அது பிழைத்தும் கிடந்தது.

இதை எடுத்துக்கொள்கிறேன் என்று மடியில் முடிந்துகொண்டார். செல்வமணிக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எதையாவது பேசி ஆற்றவேண்டுமே என்று பேரனைப் பற்றிக் கேட்டாள்.

"சித்திரையில மொதப் பொறந்தநாளு வருமே, கட்டப்பனைக்குப் போவீகள்ல?"

"இல்ல தாயி. அதுதான் விதை முத்துற நேரம்." எழுந்து செருப்பைத் தேடினார். "ஆடியில நீங்கல்லாம் வந்து நிக்கும்போது நல்ல விதையாக் குடுக்கணும்ல."

யாரும் நடப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வந்துருவோம்ணே" என்றாள் செல்வமணி.