இரண்டு 'ச்சா'

ஜாக்ரெப் நகரத்து நாடக அரங்கில் என் வேலை, திரைமறைவில் உட்கார்ந்து வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. பெரிய நடிகர்கள் மறப்பார்கள். மறந்துவிட்டு என்னையே முறைப்பார்கள். பார்த்துல் விடோஷெவிச்சுக்கு மட்டும் நான் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை. மறக்கிற அளவுக்கு அவனுக்கு வசனம் கிடைத்தால்தானே! தபால்காரன், சர்வர், சவக்குழி வெட்டுகிறவன், இரண்டாம் குடிகாரன். முதல் குடிகாரன் வேஷம்கூட அவனுக்கு வாய்க்கவில்லை.

பிறகு தொலைக்காட்சி அவனைக் கண்டுபிடித்தது. ஒரு தொடரில் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் செவிட்டுக் கிழவன் மிக்குலாவாக நடித்தான். பார்த்துல் தெற்கே ஒரு சின்னத் தீவில் பிறந்தவன். வடக்கே நாங்கள் 'கய்' என்று கேட்கும் இடத்தில் அவர்கள் 'ச்சா' என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பொருள் 'என்ன' என்பதுதான். யார் எதைச் சொன்னாலும் மிக்குலா காதில் கையை வைத்து, வாயைப் பிளந்து, "ச்சா?" என்பான். நாடே சிரித்தது. டிராமில், சந்தையில், பல் மருத்துவரின் வாசலில், எங்கே பார்த்தாலும் சனங்கள் அவனைப் பார்த்து "ச்சா?" என்றார்கள். அவனும் பதிலுக்கு ஒரு "ச்சா?" போடுவான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதன். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அவன் நாடகம் எழுதுவான் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி இருந்தார்கள். எழுதியதெல்லாம் அலமாரியில் கிடந்தது. அதில் ஒன்று அவனுடைய அம்மாவைப் பற்றியது. ஒருநாள் ஒத்திகை முடிந்து அரங்கத்து காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது அதை எனக்குப் படித்துக் காட்டினான். அதுவரை விளையாட்டுப் பேச்சு பேசியவனின் குரல் மாறிப்போனது.

"பாரிட்சா, எங்க தீவுல ரெண்டு ச்சா இருக்கு," என்றான்.

"ஒண்ணுக்கே ஊரு தாங்கலை."

"கிண்டல் பண்ணாம கேளு. தடிச்சு சொன்னா 'என்ன'. மெலிசா சொன்னா 'இங்கேருந்து அப்பால'. போயிடுன்னாலும் அதுதான், போறேன்னாலும் அதுதான். எங்கம்மா கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த மெலிஞ்ச ச்சாவைத்தான் சொன்னா. நீ இந்தத் தீவை விட்டுப் போயிடுன்னு சொன்னாளா, நான் போறேன்டான்னு சொன்னாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. நான் கிளம்பி வந்துட்டேன்."

இரண்டையும் சொல்லிக் காட்டினான். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. எழுத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் வாயிலும் காதிலும் அந்த வித்தியாசம் செத்துப் பல காலம் ஆகிறது. இங்கேயும் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறேன்.

"ஒரு தடவை," என்றான். "ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லை நான் மேடையில சொல்லணும். யாரும் சிரிக்காம கேக்கணும். அப்புறம் மறுபடியும் தபால்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

புதிதாக வந்த இயக்குநர் ஸ்லாவன் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்டார். மிக்குலா முகத்துக்கு அரங்கம் நிறையும் என்ற கணக்கு அது. தங்கமான மனசு என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். ஒத்திகையில் அவரே பயந்தார்.

"பார்த்துல் சார், அந்தக் கடைசிச் சொல்லு வேணாமே. பொதுவா எல்லாருக்கும் புரியற மாதிரி 'போ'ன்னு முடிச்சுடலாம்."

"எங்கம்மா 'போ'ன்னு சொல்லலையே."

"சனங்க சிரிச்சுட்டா?"

"முக்கால்மணி நேரம் அழவச்சுட்டுச் சொல்றேன். அப்புறம் எப்படிச் சிரிப்பாங்க?"

முதல் காட்சிக்கு முன்னால் எங்கள் வழக்கப்படி ஆளாளுக்கு அவன் பின்புறத்தில் ஒரு உதை விட்டு வாழ்த்தினோம். அதற்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் ஆகாது. இத்தனை வருஷம் மேடையில் இருந்தவன், அன்றைக்கு ஒவ்வொருவரிடமும் கண் கலங்கி நன்றி சொன்னான். "வாயை மூடுடா மடையா" என்று நான் அதட்டினேன்.

முக்கால்மணி நேரமும் சபை அசையவில்லை. காலியான கட்டிலின் பக்கத்தில் அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிற கடைசிக் காட்சி. முன்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைச் சிந்துவது எனக்குக் கேட்டது. அவன் கட்டிலைத் தடவினான். அம்மாவின் சொல்லைச் சொன்னான்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசத்தோடுதான். அழுதுகொண்டிருந்தவர்களுக்குப் பழைய மிக்குலா திரும்பி வந்த நிம்மதி. எழுந்து நின்று கைதட்டினார்கள். மேல் மாடியிலிருந்து யாரோ "ச்சா?" என்று கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவன் குனிந்து வணங்கினான். அவன் வாழ்க்கையில் வாங்கிய பெரிய கைதட்டல் அதுதான்.

மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். அவனோ தெளிவாக இருந்தான்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை பாரிட்சா. உங்க ஊருக்குக் காது கிடையாது. காது இருக்கற ஊருல போடணும்."

எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கோடையில் அரங்கம் மூடியதும், ஸ்லாவனின் கையைக் காலைப் பிடித்து, நாடகத்தை அவன் தீவுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துவிட்டான். படகில் போகும்போது மாப்பிள்ளை மாதிரி தலையைச் சீவிக்கொண்டே இருந்தான். எனக்கும் நம்பிக்கை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

துறையில் அவனுடைய அக்கா பெரினா கறுப்பு உடையில் நின்றிருந்தாள். "ஏன்டே தம்பி, இப்படி வத்திப் போயிட்டே? அங்க மீனே கண்ணுல காட்ட மாட்டாவளோ?" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு என்னிடம், "நீங்க வடக்கத்தி அம்மாவோ? வாங்க, வாங்க. சாப்பிட்டுட்டுப் பெறவு பேசுவோம்," என்றாள்.

கோயில் முற்றத்தில் மேடை. வெயில் இறங்கியதும் ஊரே வீட்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவன் அம்மாவை அறிந்த கிழவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நாடகம் தொடங்கியதும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள், அந்தத் தீவில் அது சாமானியமான காரியம் இல்லை. பெரினா ஆரம்பத்திலிருந்தே அழுதாள். காற்றுகூட அடங்கியிருந்தது. கட்டில் வந்தது. அவன் தடவினான். சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் முன்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, உரக்கக் கேட்டார்.

"என்னவே இது? சாகப்போற கிழவி 'என்ன'ன்னா கேட்டா? அவளுக்கும் காது கேக்கலியோ?"

முற்றமே குலுங்கிச் சிரித்தது. கோயில் படியில் நின்ற பாதிரியாரும் சிரித்தார். பார்த்துல் கட்டிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை பெரினா முற்றத்தில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அம்மா சொன்னதைத்தானே அக்கா சொன்னேன்?"

"இல்லடே. நீ தடிச்சதையில்லா சொன்னே."

"மெலிசாத்தான் சொன்னேன்."

"எங்க, இப்பச் சொல்லு."

சொன்னான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவள் ஒருமுறை சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். இல்லை என்றாள். செதில் ஒட்டிய கையால் அவன் தாடையைப் பிடித்து, "நாக்கை முன்னால கொண்டா. பல்லுல மெல்லத் தொடு. அமுக்காதடே," என்றாள். அவன் சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. பெரினாவின் முகத்தைப் பார்த்துத்தான் தப்பென்று தெரிந்துகொண்டேன்.

"எப்ப போச்சு அக்கா இது?"

"எனக்கு எப்படிடே தெரியும்? டிவியில பேசும்போதே அப்படித்தான். வடக்கத்தியான் நம்மள நக்கல் பண்ணுத மாதிரி இருந்துச்சு. சனத்தைச் சிரிக்க வைக்க நீ வேணும்னே பேசுதேன்னு நெனச்சோம்."

அவன் எழுந்துபோய்க் கிணற்றடியில் வாய் கொப்பளித்தான். வெகுநேரம் கொப்பளித்தான். எனக்குத் தாங்கவில்லை, பெரினாவின் மேல்கூடக் கோபம் வந்தது.

திரும்பும் படகில் டிக்கெட் கிழிக்கிறவர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, காதில் கை வைத்து, "ச்சா?" என்றார். பார்த்துல் வழக்கம்போல வாயைப் பிளந்து பதில் சொன்னான். படகில் எல்லோரும் சிரித்தார்கள்.

இலையுதிர் காலத்தில் நாடகம் மறுபடி தொடங்கியபோது சுவரொட்டியில் 'நகைச்சுவை' என்று போட்டிருந்தார்கள். அவன் ஸ்லாவனிடம் போனான்.

"அந்தக் கடைசிச் சொல்லை எடுத்துடலாம். நீங்க சொன்ன மாதிரி 'போ'ன்னே வச்சுக்கலாம்."

"விளையாடறீங்களா சார்? சனம் அதுக்குத்தானே வருது!"

அவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க, அரங்கம் நிறைந்த சபைக்கு முன்னால், கட்டிலைத் தடவி அந்தச் சொல்லைச் சொன்னான். நான் திரைமறைவிலிருந்து பார்ப்பேன். சொல்வதற்கு முன்னால் அவன் நாக்கு பல்லைத் தேடும். ஒவ்வொரு தடவையும் தேடும். பிறகு சிரிப்புச் சத்தம். புதிதாக ஒரு வரிகூட அவன் எழுதவில்லை.

வசந்தத்தில் நுரையீரலில் நோய் முற்றிப் படுத்தான். மருத்துவமனையில் செவிலிப் பெண்கள் அவனை மிக்குலா மாமா என்றே அழைத்தார்கள். மருந்து கொடுக்கும்போது "ச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அன்பாகத்தான். கடைசி நாளன்று நான் பக்கத்தில் இருந்தேன். பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. திடீரென்று என் கையைப் பிடித்தான். உதடு பிரிந்தது. நாக்கு பல்லைத் தொட்டதைப் பார்த்தேன். "ச்சா," என்றான். கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தான். சரியா என்று கேட்கிறான் என்பது புரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், என் காது செத்த காதென்று. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான்.

பெரினாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அழுது ஓய்ந்து, கேட்டாள்.

"கடைசியா எதுவும் சொன்னானா?"

"சொன்னார். அந்தச் சொல்லைத்தான் சொன்னார்."

"எந்தச் சொல்லை? தடிச்சதா, மெலிஞ்சதா?"

"தெரியலைம்மா. எனக்கு வித்தியாசம் கேக்காது."

"அவன் சொன்ன மாதிரியே சொல்லு தாயி. நான் கண்டுபிடிச்சுக்கிடுதேன்."

கண்ணை மூடிக்கொண்டு அவன் உதட்டை நினைத்தேன். இந்த ஒருவனுக்கு என் வாழ்நாளில் முதல்முறையாக வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். நாக்கைப் பல்லில் மெல்லத் தொட்டு, முடிந்தவரை மெலிதாகச் சொன்னேன்.

 மறுமுனையில், தம்பியைப் பறிகொடுத்த அந்தப் பாவி மனுஷி, தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.