அறுபதடியில் விழுந்த தண்ணீர்

"ராத்திரி நாம தூங்குன பொறவு இதுங்க தண்ணிக்கு எங்கப்பா போகும்?"

ரஞ்சனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா செங்கோடனின் தோளில் உட்கார்ந்து, முனியப்பன் காட்டு இலுப்பை மரங்களில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நூறைத் தாண்டியதும் கணக்கு குழம்பி, எண்ணுவதை விட்டுவிட்டுத்தான் இந்தக் கேள்வி.

"வௌவாலு கெணத்து மேல தாழப் பறந்து நெஞ்ச நனைச்சுக்கும் சாமி. அப்பறம் மரத்துல தொங்கிக்கிட்டே அத நக்கிக் குடிக்கும். மத்ததுக்கெல்லாம் இந்தக் கல்தொட்டி."

ராசிபுரத்துக்குக் கிழக்கே, கரட்டின் அடிவாரத்தில் பதினெட்டு ஏக்கர் காடு அது. யார் பெயரிலும் பட்டா கிடையாது, ஊருக்கே பொது. அதில் சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். வௌவால் மிரளும் என்று தீபாவளிக்கு அந்தப் பக்கம் வெடி வைக்க மாட்டார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லைக்கல்லில் செருப்பை விட்டுவிட்டு, காட்டுக் கிணற்றில் ஆளுக்கு ஒரு குடம் இறைத்துக் கல்தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும். முயலும் கீரியும் மயிலும் தேவாங்கும் குடித்தது போகத்தான் முனியப்பனுக்கு விளக்கு. முறை அப்படி.

அந்தக் கேள்வி கேட்டு இருபத்தாறு வருசம் ஆகிவிட்டது. ரஞ்சனி இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள்.

"அப்பா, வாரச் சனிக்கெழம என்ற ஸ்டூடண்ட்ஸ் பதினாறு பேரக் கூட்டிக்கிட்டு வாரேன். நம்ம காட்டக் காட்டோணும். நீங்கதான் முன்ன நின்னு சொல்லோணும்."

"இப்ப அங்க ஒண்ணுமில்ல சாமி. கெணறு வத்திப்போச்சு."

"தெரியும்ப்பா. மழ இல்லாம வத்துனதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதையும்தான் பசங்க பாக்கோணும்."

செங்கோடன் போனை வைத்தார். கிணறு மழையில்லாமல் வற்றவில்லை. அது இந்த உலகத்தில் அவருக்கும் முனியப்பனுக்கும் மட்டும் தெரியும்.

அவருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று உண்டு. முப்பது வருசம் ஊர் ஊராய்ப் போர் போட்டவர். ஒன்பது வருசத்துக்கு முன்னால், காட்டை ஒட்டிய தோட்டத்தில் பிரபாகர் கோழிப்பண்ணை கட்டினார். அங்கே போர் போடக் கூடாது, காட்டுக் கிணறு வற்றிப்போகும் என்று ஊர் தடுத்தது. கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். செங்கோடன்தான் எழுந்து கற்பூரத்தின் மேல் கையை வைத்தார்.

"மேல் தண்ணி வேறங்க, கீழ்த் தண்ணி வேறங்க. எண்பதடிக்குக் கேசிங் பைப் எறக்கி மேல் தண்ணிய அடைச்சுப்புட்டா, ஒரு சொட்டு உள்ள எறங்காது. நான் பொறுப்பு."

ரிக்காரர் சொன்னால் ஊர் நம்பும். நம்பியது.

துளை போட்ட அன்று நாற்பதடியிலேயே பாறை வந்தது. "பாறைதான் வந்துருச்சில்லீங்க? நாப்பதடிக்குப் பைப் போதும். அடுத்த வாரம் பத்தாயிரம் குஞ்சு எறங்குது," என்று பிரபாகர் அவசரப்படுத்தினார். பாறை வந்தால் பைப்பை நிறுத்துவதுதான் தொழிலில் வழக்கம். செங்கோடனும் நிறுத்தினார். அறுபதடியில் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. துளையிடும்போதே தெரிந்தது; பைப்பை உருவி நீளமாய்ப் போட இன்னொரு நாள் ஆகும். அவர் அதை அடைக்காமல் துளையை மேலும் ஆழமாக இறக்கினார். எழுநூறு அடியில் வேலை முடிந்து, கம்ப்ரசரை நிறுத்தி, குழிக்குள் காதை வைத்தபோது கேட்டது: அறுபதடியிலிருந்து தண்ணீர் சலசலவென்று கீழே விழுந்துகொண்டிருந்தது. அது காட்டுக் கிணற்றின் ஊற்று. அவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சித்திரைக்குள் கிணறு தரை தட்டியது. ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காட்டில் விளக்கு வைத்து, தினம் தொட்டி நிரப்பும் வேலை சின்னாயியினுடையது. புருசன் செத்த பிறகு அவள்தான் செய்துவந்தாள். தீட்டோடு கிணற்றில் குடம் இறக்கிவிட்டாள் என்று யாரோ சொல்ல, நாலு பேர் தலையாட்ட, அவளை எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலும் செங்கோடன் இருந்தார். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் எல்லைக்கல்லில் செருப்பை விட்டார்கள். காட்டில் பாதி இலுப்பை மரங்கள் பட்டை உரிந்து நின்றன. ஒரு கிளையில் முப்பது நாற்பது வௌவால்கள் சிறகால் விசிறிக்கொண்டு தொங்கின. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த இடம். மரத்தடியில் ஒரு தாய் வௌவால் சுருண்டு கிடந்தது. வெயிலில் விழுந்து செத்திருந்தது. அதன் மார்பில் ஒட்டியிருந்த குட்டியின் வாய் மட்டும் அசைந்தது.

ரஞ்சனி துண்டை நனைத்து அதன் வாயில் பிழிந்தாள். குட்டி குடிக்கவில்லை. சற்று நேரத்தில் வாய் அசைவதும் நின்றது. பிள்ளைகள் யாரும் போனை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. அதுவரை அவர்களை அதட்டிக்கொண்டே வந்த செங்கோடனுக்கு அது என்னவோ போலிருந்தது.

"பருவமழை பொய்த்தால் ஒரு பொதுக்காடு என்ன ஆகும்னு பாருங்க," என்று கிணற்றின் அருகே நின்று ரஞ்சனி பாடம் சொன்னாள். "எங்கப்பாவுக்கு இந்த ஊர்த் தண்ணி அடி அடியாத் தெரியும். அப்பா, நீங்க சொல்லுங்க."

செங்கோடன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு பிளாஸ்டிக் குடமும் காய்ந்த சருகும் கிடந்தன.

தீபிகா என்ற பெண் எல்லைக்கல் பக்கம் கையை நீட்டினாள். "மேம், அந்தம்மா ஏன் உள்ள வராம அங்கயே நிக்கறாங்க?"

கல்லுக்கு வெளியே சின்னாயி குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை அவளுக்கு. அங்கே உடைந்து எறிந்த கோழித் தண்ணீர்த் தட்டுகள் ஒரு ஏழெட்டைக் கல்லை ஒட்டி வரிசையாய் வைத்திருந்தாள். பஞ்சாயத்துக் குழாயில் தன் வீட்டுக்குக் கிடைக்கும் நாலு குடத்தில் ஒரு குடம் அதற்கு. ஒரு கீரி அவள் காலடியிலேயே வந்து குடித்துவிட்டுப் போனது.

ரஞ்சனி அருகே போனாள். "அத்தெ, உள்ள வாங்க. ஏன் வெயில்ல நிக்கறீங்க?"

"நான் வந்தா ஆகாது கண்ணு. இந்தக் கெணத்தக் குடிச்சுப்புட்டவ நாந்தான்," என்று சின்னாயி சிரித்தாள். "இத்துனூண்டு வயித்துல அத்தன தண்ணியும் எங்க போச்சுன்னுதான் தெரியல. உங்கப்பனக் கேளு, ரிக்காரரு. எத்தன அடியில இருக்குதுன்னு சொல்லுவாரு."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் செங்கோடனை உடைத்துவிட்டது.

"அறுபதடி," என்றார்.

ரஞ்சனி திரும்பினாள். அவர் மகளைப் பார்க்காமல் சின்னாயியைப் பார்த்தே சொன்னார். கற்பூரத்தில் கை வைத்தது, நாற்பதடியில் பைப்பை நிறுத்தியது, குழிக்குள் தண்ணீர் விழுந்த சத்தம் எல்லாம். பதினாறு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "மழ இல்லாம வத்தல சாமி. நான் வத்த உட்டேன். பழிய இவ சொமந்தா."

சின்னாயி குடத்தை இறக்கி வைத்தாள். "ஒம்பது வருசம் ஆச்சுங்கண்ணா," என்றாள். "என்ற பையன் கல்யாணத்துக்குக்கூட இங்க வந்து கும்புட உடலீங்க. நீங்களும் பந்தியில உக்காந்து சாப்புட்டுப் போனீங்க."

"ஆமாம் சின்னாயி."

"சரி, வெயிலு ஏறுது. புள்ளைங்களுக்குத் தண்ணி குடுங்க." குடத்தில் மீதி இருந்ததை அவளே அவர்களுக்கு ஊற்றினாள்.

ரஞ்சனி அன்று வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. வேனில் ஏறும் முன், "என்ற பாடமே பொய்யாப் போச்சுப்பா," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு போன் அம்மாவுக்கு வந்தது, அவருக்கு வரவில்லை.

செங்கோடன் அந்த மாதமே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். பெரிய இடி விழும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் விழவில்லை. "முடிஞ்சு போனத எதுக்குங்க கிளறிக்கிட்டு," என்றார் ஒருவர். போர் வற்றிப் பண்ணையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த பிரபாகர் போனை நோண்டினார். சின்னாயி இனி உள்ளே வரலாம் என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் வரவில்லை. "கல்லுக்கு இந்தப்பக்கமே பழகிப்போச்சுங்க," என்றாள். அவள் தட்டுகளும் அங்கேயே இருந்தன.

ஐப்பசியில் மழை நாலு நாள் விடாமல் பிடித்தது. ஐந்தாம் நாள் காலை வானம் வெளுத்ததும், செங்கோடன் ஆள் யாரையும் கூப்பிடாமல் டெம்போவில் எட்டு மூட்டை சிமெண்ட்டும் ஜல்லியும் ஏரிக் களிமண்ணும் ஏற்றிக்கொண்டு பிரபாகரின் பாழ்த்தோட்டத்துக்குப் போனார். சாவியை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தார். எதற்கென்று பிரபாகர் கேட்கவில்லை.

போர்க்குழியின் மூடியைக் கழற்றிக் காதை வைத்தார். உள்ளே, அதே இடத்தில், அதே சலசலப்பு. காட்டின் மேல் பெய்த மழை காட்டுக்கு நிற்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

சாக்கில் பழைய ரப்பர் டியூபைத் திணித்து அடைப்பாகக் கட்டி, கயிற்றில் நூறடிக்கு இறக்கினார். அதன் மேல் களிமண் உருண்டைகளைப் போட்டார். பிறகு ஜல்லி, பிறகு தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால். அறுபது வயது இடுப்பு ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்குக் கேட்டது. நடுவில் மயில் ஒன்று வேலிமேல் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனது. தன் ரிக்கை அவர் போன மாதமே விற்றுவிட்டிருந்தார். இருந்திருந்தால் இது அரைமணி வேலை.

சூரியன் சாயும்போது குழி வாய்வரை நிறைந்தது. அதன் மேல் மண் தள்ளி மிதித்துவிட்டு, மண்டியிட்டு மறுபடி காதை வைத்தார்.

சத்தம் இல்லை.

எழுந்து கை கழுவ டெம்போவில் இருந்த தண்ணீர்க் கேனை எடுத்தார். முக்கால் கேன் மிச்சமிருந்தது. கையைக் கழுவாமலே அதைத் தூக்கிக்கொண்டு காட்டைச் சுற்றி எல்லைக்கல்லுக்கு நடந்தார். சின்னாயி கூலி வேலை முடிந்து வர இன்னும் அரைமணி இருந்தது. தட்டு தட்டாய், விளிம்புவரை ஊற்றினார். கடைசித் தட்டில் மிதந்த சருகை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அவள் வருவதற்குள் டெம்போவுக்குத் திரும்பினார்.