ஒரு நூல் இடைவெளி

பன்னிரண்டாவது மைலில் அந்த வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்டால் வருமே, அதே கருகல். கோயிலுக்கென்று மடியில் வைத்திருந்த நான்கு எலுமிச்சம்பழங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி கண்ணாடியை அடைத்துக்கொண்டு வந்தது. எங்கள் வண்டி அதன் சக்கர உயரம்கூட இல்லை.

"கெட்டியாயிருச்சு," என்றார் என் வீட்டுக்காரர். பிரேக் பெடலைச் சொன்னார். மிதிக்காமலே பிரேக் பிடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் உறுமியதே தவிர வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. அறுபது, ஐம்பது, முப்பது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. செத்தோம் என்றுதான் நினைத்தேன். ஹைவே சிக்ஸ் பாலத்துச் சரிவில் எப்படியோ சாலையோர ஷோல்டருக்கு ஒதுக்கி நிறுத்தினார். நிறுத்தினார் என்ன, வண்டியே நின்றுகொண்டது. ஹேண்ட் பிரேக்கைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

சுகர் லேண்டில் மற்ற ஆண்கள் வீடு கட்டினார்கள், பங்குச்சந்தை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் கார் கட்டினார். கிட் கார் என்று பெயர். உடம்பும் சட்டமும் பெட்டி பெட்டியாக வரும். பழைய காரிலிருந்து எஞ்சினைக் கழற்றிப் போட்டு நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். தொண்ணூற்றைந்தில் பெட்டிகள் வந்தன. தொண்ணூற்றெட்டு மார்ச்சில்தான் அது காராயிற்று. மூன்று வருஷம் என் கேரேஜ் போயிற்று, சனி ஞாயிறு போயிற்று. ஓட ஆரம்பித்த முதல் வாரம் இடது இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடித்தது. மழை பெய்தால் என் காலடியில் மட்டும் தண்ணீர் கட்டியது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டார். இந்த பிரேக்தான் பிடிகொடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மைல் போனால் தானாக இறுகும். அரைமணி நேரம் ஆறவைத்தால் விட்டுவிடும். நான்கு சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். புது ஹோஸ் போட்டார். முன்சக்கரத்து பிரேக்கையே மாற்றினார். போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "கை போயிருச்சு அம்மிணி. இனி பேப்பர்ல பைப் வரையறதுக்குத்தான் லாயக்கு," என்றார். ஆபீஸில் அவருக்கு அதுதான் வேலை. நானும் வாய் சும்மா இல்லாமல், இப்பவாவது தெரிந்ததே என்றேன்.

இன்று கடைசிப் பரீட்சை. பேர்லேண்ட் மீனாட்சி கோயில்வரை நிற்காமல் போனால் பூஜை. வழியில் நின்றால், கோயில் பக்கத்திலேயே இருக்கும் பிச்சுமணிக்கு போன். அந்த மனிதர் பழைய கார்களைப் பிரித்து உதிரியாக எடுத்துக்கொள்கிறவர். திங்கட்கிழமை வந்து தூக்கிக்கொள்வதாக ஏற்கனவே பேச்சு.

ஆஷ் ட்ரேயில் கிடந்த சில்லறையிலிருந்து போனுக்கு இரண்டு காசு எடுத்தார், ஒரு குவார்ட்டர், ஒரு டைம். பாலத்துக்குக் கீழே கேஸ் ஸ்டேஷனில் பே போன் தெரிந்தது. உடனே போகவில்லை. பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்தார். வண்டியில் பூட்டிய ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்ட லிஸ்ட். அவர் செய்ததையெல்லாம் மூன்று மூன்று முறை டிக் அடித்திருந்தார். ஒன்றுக்கு மட்டும் ஒரே டிக்: பிரேக் தண்டு இடைவெளி, பக்கத்தில் என் பெயர், நாகமணி. பெடலுக்கு அடியில் அவர் தோள் நுழையாது. நான்தான் குட்டையாக, ஒல்லியாக இருக்கிறேனே. தலைகீழாகப் படுத்து அதை நான்தான் வைத்தேன்.

"எங்கப்பாரு லேத்துல எட்டு நூலுன்னா ஒரு இஞ்சு. மயிரிழை தப்பாது," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "நான் எங்கியோ கோட்டை விட்டிருக்கறேன்."

எட்டு நூல் ஒரு இஞ்சா?

தண்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு நூல் கேப் விடு என்று அன்றைக்குச் சொன்னார். நானும் விட்டேன். தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை எடுத்து, இடையில் கொடுத்து, அது வழுக்கிக்கொண்டு வருகிற அளவுக்குத் திருகி வைத்தேன். ரொம்பச் சரியாகச் செய்தேன் என்று பெருமைவேறு. கோயமுத்தூரில் என் அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் நூல் என்றால் நூல்தான். அந்த மயிரிழை இடைவெளியில், சூடேறியதும் பின்வாங்க இடமில்லாமல் பிரேக் அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டால் போதும். திங்கட்கிழமை கேரேஜ் காலியாகிவிடும். மூன்று வருஷமாக நான் கேட்டது அதைத்தானே. அவர் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். இறங்கிப் போகிற அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

"ஏனுங்க, போன் பண்ணாதீங்க," என்றேன். "நான்தானுங்க. நீங்க சொன்ன நூலு எனக்குத் தெரியலீங்க. தைக்கற நூலை விட்டு அளந்துட்டேன்."

அவர் திரும்பவில்லை. இரண்டு லாரிகள் போயின. ஒவ்வொன்றுக்கும் வண்டி ஆடியது. கத்தியிருந்தால்கூடத் தேவலை. பிறகு கையிலிருந்த காசு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார்.

"இதுதான் ஒரு நூலு," என்று என்னிடம் நீட்டினார்.

நான் எலுமிச்சம்பழங்களை சீட்டில் வைத்துவிட்டு, அவர் இறங்கி வழிவிட, டிரைவர் பக்கம் போய்த் தலையை உள்ளே விட்டுப் படுத்தேன். கொசுவம் எங்கே போயிற்றோ, ஹைவேயில் போகிறவன் எதைப் பார்த்தானோ. நட்டைத் தளர்த்தித் தண்டை நான்கு சுற்றுத் திருப்பினேன். சிலிண்டருக்குள் ஏதோ சிணுங்கியது. அடுத்த நொடி வண்டி நகர்ந்தது. என் கால் வெளியே இருக்க, சரிவில் அது பாட்டுக்குப் போகிறது. "அம்மிணி!" என்று அவர் கத்தியது கேட்டது. கதவுக் கம்பத்தைப் பிடித்து, செருப்பு தேயத் தேயப் பின்னோக்கி இழுத்து நிறுத்தினார். கை நீட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க அப்படியே நின்றார். நான் இரண்டு காசையும் இடையில் கொடுத்துப் பார்த்து நட்டை இறுக்கினேன்.

வெளியே வந்தபோது என் விரலில் கிரீஸோடு ஒரு துண்டு நூல் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அறுந்து உள்ளே நின்றுவிட்டது போலிருக்கிறது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனாம் நம்பர் நூலு?"

"நாப்பதுங்க."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியைக் கிளப்பினார். நான் பழங்களை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். காசு இரண்டும் என் கைக்குள்ளேயே இருந்தன, அவர் கேட்கவும் இல்லை. பதினைந்து மைல். பதினெட்டு. மூக்கு எதையாவது பிடித்துவிடுமோ என்று மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாவது மைலில் சிக்னல் சிவப்பானது. அவர் மிதித்தார். மடியிலிருந்த பழங்கள் நான்கும் முழங்கால்வரை உருண்டன. பச்சை விழுந்தது. அவர் காலை எடுக்க, வண்டி இறுகாமல் நகர, நாங்கள் இருவருமே என் மடியைத்தான் பார்த்தோம். நான்கும் மெல்ல உருண்டு வயிற்றோடு வந்து ஒட்டிக்கொண்டன.