உப்பு இல்லை

மனித ரத்தத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட எல்லாப் புத்தகங்களிலும் ஒரு பெருங்குறை உண்டு: என் பெயர் இல்லை. அதைச் சரிசெய்யத்தான் ஏழு மாதமாக இந்த ஆய்வகத்தில் உழைக்கிறேன். அக்கா எனக்கு உதவியாக இருக்கிறார்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல, ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். திட்டமே அவருடையது. சொல்லப்போனால் ரத்தமும் அவருடையது. அவர் உடம்பு, சொந்த ரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்தையே எதிரியென்று நினைத்து ஆன்டிபாடி செய்கிறது. அதனால் கண்ட இடத்தில் ரத்தம் உறைகிறது. காலில் ஒருமுறை, நுரையீரலில் ஒருமுறை. வயிற்றில் நான்காம் மாதத்திலேயே ஒரு குழந்தையும் போயிற்று. அந்த ஆன்டிபாடி புரதத்தை எங்கே பிடிக்கிறது என்று பார்க்க, இரண்டையும் சேர்த்துப் படிகமாக்க வேண்டும்.

படிகம் வந்தால் மட்டும் போதாது. பாதி நேரம் அது வெறும் உப்பு. ஊசியால் குத்தினால் தெரியும். உப்பு ‘டிக்’கென்று உடையும், புரதம் சத்தமில்லாமல் பொடியும். போன மாதம் நான் குத்திப் பார்க்காமலே மாடி முழுக்கக் கேக் கொடுத்தேன். பிறகு குத்தினேன். டிக்.

குத்துமுன் அக்கா ஒவ்வொரு முறையும் “கொஞ்சம் வலிக்கும் கண்ணு” என்பார்.

“அக்கா, அதுக்குக் காது கிடையாது.”

“உனக்கு ரெண்டு இருக்கே, சொன்னா கேக்கறியா?”

இன்று, படிகம் வளர்த்த சொட்டுகளின் கடைசித் தட்டு. இதுவும் உப்பென்றால் திட்டத்தை மூடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சொட்டில் இரண்டு படிகங்கள். அக்கா ஊசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

“நீயே குத்துடா. என்னால முடியல.”

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, பெரியதைத் தொட்டேன். ஓரம் மெத்தென்று சரிந்து மாவாக உதிர்ந்தது.

“என்னடா? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!”

“உப்பு இல்லக்கா.”

“நிஜமா?”

“அம்மா சத்தியமா.”

என்னைத் தள்ளிவிட்டு அவரே பார்த்தார். பிறகு போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் தீயணைப்பானோடு ஓடிவந்தார். அக்கா கணவருக்குப் போன் போட்டு, “என்னங்க, சிக்கிட்டான்! எனக்குள்ள இருந்த திருடன் சிக்கிட்டான்!” என்று வராந்தா முழுக்க நடந்தார்.

மிச்சமிருந்த சின்னப் படிகத்தை நைலான் வளையத்தில் அள்ளினேன். உள்ளமைப்பைப் பார்க்க எக்ஸ்ரேவுக்கு அனுப்புமுன் திரவ நைட்ரஜனில் முக்க வேண்டும். வெள்ளைப் புகை மேசைமேல் வழிந்தது. வாசலைப் பார்த்தேன், யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

“கொஞ்சம் குளிரும் கண்ணு” என்றேன்.

புகைக்குள் ஒரு நொடி மின்னிவிட்டு அது இறங்கியது.