எட்டாவது அர்த்தம்

கீழ் வீட்டு க்ரீம் அக்கா அலறியபோது நான் மாடிப்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன். தற்செயலாகத்தான். செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் படியில் காற்று நன்றாக வரும்.

க்ரீம் அக்கா என்பது தொழிலால் வந்த பேர். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேக்கரியில் ஆறு வருஷமாக கேக்குக்கு மேல் க்ரீமில் பூப் போடுகிறவர். மறுநாள் காலை அங்கே புது சூப்பர்வைசர் யார் என்று முதலாளி சொல்லப்போகிறார். களத்தில் இரண்டே பேர். ஒன்று இந்த அக்கா, இன்னொன்று ஓவன் பக்கம் நிற்கிற அடுப்பு மாமா. ஒரு வாரமாக அக்கா வீட்டில் இதே பேச்சு. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். சுவர் மெல்லிசு.

"என்னக்கா, கரப்பான்பூச்சியா?"

"பூச்சின்னா மிதிச்சிருக்க மாட்டேனா? என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்!"

விஷயம் இதுதான். பேக்கரி ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப். ஒன்று 'ஷிப்ட்', முதலாளி இருப்பது. இன்னொன்று 'மாவு', முதலாளி இல்லாதது. மாவு குரூப்பில் யாரும் மனிதர்கள் மாதிரி பேசுவதில்லை. எல்லாம் ரொட்டி, முட்டை, ஈஸ்ட் என்றுதான். புதிதாகச் சேர்ந்த வேன்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அக்கா, இவங்க சமையல் பேசுறாங்களா, சண்டை போடுறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அக்காவும் இரக்கப்பட்டு, பதினாலு வார்த்தைக்கு அர்த்தம் எழுதி, நம்பர் போட்டு, அனுப்பினார். ஷிப்ட் குரூப்புக்கு.

பதறிப்போய் அழித்தும் இருக்கிறார். அங்கேதான் இரண்டாவது கோளாறு. 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்த வேண்டிய விரல் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டது. இப்போது உலகத்தில் அந்தப் பட்டியல் இல்லாத போன் அக்காவுடையது மட்டும்தான்.

"முதலாளியும் அதுல இருக்காரா?"

"எட்டாவது."

"என்னன்னு?"

"பழைய பன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அதிர்ச்சியில் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"இன்னும் பார்க்கலடி. இன்னிக்கு பேக்கரி லீவு. சலூன்ல தலைக்கு டை போட உக்காந்திருப்பாரு. கண்ணாடியைக் கழட்டிட்டா அவருக்கு எழுத்து தெரியாது. எங்க வீட்டுக்காரர்தான் மெசேஜ் எல்லாம் படிச்சுச் சொல்லுவாரு."

அக்காவின் வீட்டுக்காரர்தான் சலூன்காரர். செவ்வாய்தோறும் முதலாளி தலையில் கறுப்பைப் பூசிவிட்டு, அது பிடிக்கிற அரை மணி நேரத்தில் ஒரு கை உறையைக் கழற்றி, முதலாளியின் போனை எடுத்து ரேடியோ மாதிரி வாசிப்பார். அக்கா நாலு தடவை அவருக்கு போன் அடித்துப் பார்த்தாயிற்று. வேலையாக இருக்கும்போது எடுக்கிற பழக்கம் அந்த மனுஷனுக்குக் கிடையாது.

"ஓடிப்போய் அந்த ஒண்ணை மட்டும் விட்டுடச் சொல்லணும்" என்று அக்கா செருப்பை மாட்டினார். துணைக்கு நானும் கிளம்பினேன். இந்த மாதிரி நேரத்தில் ஒரு பெண்ணைத் தனியாக விடலாமா?

மருந்துக்கடை முனையில் அக்காவின் போன் சிணுங்கியது. ஷிப்ட் குரூப்பில் அடுப்பு மாமா. 'அருமையான பட்டியல். முதலாளி பார்த்தாரா?' கூடவே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சிகள் மூன்று.

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டியது காதில் விழவே இல்லை.

"இனிமே மறைச்சுப் பிரயோஜனமில்ல" என்றார். "இன்னிக்குப் படிக்காம விட்டா நாளைக்கு அந்த ஆளு படிச்சுக் காட்டுவாரு. மறைச்சதும் சேர்ந்து வரும்."

"அப்புறம் எதுக்குக்கா போறோம்? திரும்பிடலாம்."

அக்கா சலூன் பக்கமே நடந்தார். திரும்பினால் எனக்கும் என்ன லாபம்? கூடவே போனேன்.

சலூன் கதவைத் தள்ளும்போதே வாசிப்புச் சத்தம் கேட்டது. முதலாளி கழுத்துவரை வெள்ளைத் துணியும் தலை நிறையக் கறுப்புக் கூழுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்த சலூன்காரரின் கண் அகலமானது. அவர் கையில் இருந்த போனில் பட்டியல் மூன்றைத் தாண்டியிருந்தது.

"நாலு. ஈஸ்ட்னா, சின்ன விஷயத்தை ஊதி ஊதிப் பெருசாக்குற ஆளு. அஞ்சு. ஐசிங்னா, ஐஸ் வைக்கிறதுதான், ஆனா மேல பூ வச்சு."

முதலாளியின் வயிறு துணிக்குள் குலுங்கியது. "நல்லாத்தான் இருக்கு. மேல படி."

"ஆறு. வெறும் 'ஓகே'ன்னா கோவம். 'ஓகேகே'ன்னா சம்மதம். ஏழு. 'ஹாஹா'ன்னா சிரிக்கலன்னு அர்த்தம். நெஜமாவே சிரிச்சா 'செத்தேன்'னு போடணும்."

அவர் கண் எட்டாவது வரிக்குப் போனது. அங்கிருந்து பெண்டாட்டி முகத்துக்கு வந்தது. சலூன்காரர் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர் இல்லை. காது சிவந்துவிட்டது.

"ஒன்பது" என்றார். "முட்டைன்னா..."

"எட்டை விட்டுட்டீங்க" என்றார் அக்கா.

முதலாளி கண்ணைத் திறந்தார். கண்ணாடி இல்லாததால் எங்கள் பக்கம் உத்தேசமாகப் பார்த்தார். "யாரு, நம்ம க்ரீமா? எட்டுல என்னம்மா?"

"ஏய், சும்மா இரு" என்று முணுமுணுத்த கணவரின் கையிலிருந்து அக்கா போனை வாங்கிக்கொண்டார்.  ஒரு எழுத்தையும் முழுங்கவில்லை.

"எட்டு. பழைய பன்னுன்னா முதலாளி. மேல மினுமினுப்பு. கடிச்சா பல்லு போயிடும்."

 முதலாளியின் நெற்றியில் ஒரு கறுப்புச் சொட்டு இறங்கி, புருவத்தில் வந்து நின்றது. துடைக்க வேண்டியவர் துணியைக் கையில் பிடித்தபடி மரமாக நின்றார்.

"இந்தப் பேரை வச்சது யாரு?"

நான் மனசுக்குள் 'அடுப்பு மாமான்னு சொல்லுக்கா' என்று கத்தினேன். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

"நான்தாங்க" என்றார் அக்கா. "போன வருஷம் காய்ச்சலோட நின்னு ரெண்டு நாள் லீவு கேட்டேன். நல்லா சிரிச்சீங்க. சிரிச்சுக்கிட்டே இல்லைன்னீங்க. அன்னிக்கு வச்சேன்."

 முதலாளி சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "நேரமாச்சு, கழுவிவிடு" என்றார் சலூன்காரரிடம்.

தலையைப் பின்னால் சாய்த்துத் தொட்டியில் வைத்தாயிற்று. தண்ணீர் கறுப்பாகப் போகிறது, சாம்பலாகப் போகிறது, தெளிகிற வழியைக் காணோம். வேலையை விட்டு அனுப்பப்போகிற மனுஷனின் தலையை நம் வீட்டு ஆளே தேய்த்துவிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. அக்கா துப்பட்டா நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தார். நான் ஒரு பழைய பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலாளி போனைக் கேட்டு வாங்கினார்.

"நான் இங்க வர்ற வழியிலேயே அடுப்பு மாமா போன் பண்ணி எட்டாவதை மட்டும் படிச்சுக் காட்டிட்டாரு. அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி குரூப்லயும் கேட்டிருக்காரு" என்றார். "பேரு வச்சது நீன்னும் சொன்னாரு. நீ வேற யாரையாவது சொல்லியிருந்தா, நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி ஒற்றை விரலால் எதையோ தட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு. அக்காவின் போன் மூன்று தடவை சிணுங்கியது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

'முதலாளி உங்களை அட்மின் ஆக்கினார்.'

'நாளையிலிருந்து ஷிப்ட் இவங்க போடுறதுதான்.'

'முதலாளி வெளியேறினார்.'

"காய்ச்சல்னா லீவு குடு" என்று சொல்லிவிட்டு, சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார். கோபமா, வெட்கமா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புது டை வேறு.

சலூன்காரர் சுழல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "எட்டை விட்டுட்டீங்கன்னு சொன்னியே, என் உசிரே போச்சு!"

அக்கா சிரித்தார். அழவும் செய்தார். எது முன்னால், எது பின்னால் என்று கவனிக்காமல் விட்டது என் தப்பு.

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து மாவு குரூப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாழ்த்து இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு நாளைக்கு இருபது மெசேஜ் வருகிற இடத்தில் மதியத்திலிருந்து ஈ ஆடவில்லை.

"சிக்னல் இல்லையோ?" என்றேன் ஆறுதலுக்கு.

"இருக்கு. வேற குரூப் ஆரம்பிச்சிருப்பாங்க."

அந்த நேரம் பார்த்து வேன்காரர் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தார். என்னால்தானே இவ்வளவும் என்று மன்னிப்புக் கேட்க வந்திருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் சட்டைப்பையில் போன் ஓயாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று சத்தத்தை அணைத்தார்.

"எனக்கு என்ன பேரு வச்சிருக்காங்க?" அக்கா நேராகவே கேட்டார்.

வேன்காரர் தன் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படியைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன், மேடம்."

அக்கா தன் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அஞ்சரைக்கு" என்றார். "லேட் பண்ணாதீங்க."