ஒப்துலியா அக்காவின் கண்ணும் பைன்மரப் புழுக்களும்

1
இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. “என்னைக் குருடியாக்கியா எழுதியிருக்க? கை விளங்காமப் போயிடும்டா தம்பி” என்றார் பக்கத்து வீட்டு ஒப்துலியா அக்கா. அப்படித்தான் எழுதியிருந்தேன். அழகாக வேறு எழுதித் தொலைத்திருந்தேன்.

2
பழைய தொடக்கம்: ‘கோடையில் ஒரு சாம்பல்நிற அந்துப்பூச்சி பைன் ஊசியிலையில் முட்டையிட்டுவிட்டு...’ (வேண்டாம். பூச்சிக்கு இரக்கப்பட்டால் அக்கா என்னையும் சுடுவார்.)

புதியது: அதன் புழுக்கள் குளிர்காலம் முழுக்கத் தோப்பை மொட்டையடிக்கின்றன. கிளை நுனியில் வெள்ளைப் பஞ்சுப்பொதியாகக் கூடு. குளிர் விட்டதும் வரிசைகட்டி இறங்கி மண்ணுக்குள் போய்விடும். அதற்குள் எல்லாக் கூட்டையும் வீழ்த்தாவிட்டால் தோப்பை வெட்டிவிடுவதாக தோப்பில் பங்குள்ள அக்காவின் சகோதரர் எவுதிமியோ சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சோறு போடுவதே அந்தப் பைன் கொட்டை விற்ற காசுதான்.

3
எங்கள் ஊரில் கூட்டைத் துப்பாக்கியால் சுடுவோம். விழுந்ததைப் போய் ஒரு உதை விடுவோம், வீராப்புக்கு. போன வருஷம் அக்காவும் உதைத்தார். புழுவின் நச்சு முடித்தூள் கிளம்பிக் கண்ணில் ஏறியது. இன்னொரு தடவை என்றால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர்.

இத்தனை பிடிவாதக்காரியை வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால் போங்கள். கடலே இல்லாத ஊரில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தோப்பில் நிற்கிறார்.

4
முடிவு அ: கண் போகிறது, தோப்பு பிழைக்கிறது. (அடித்துவிட்டேன். அவர் கண்ணைக் கொடுத்து நான் பேர் வாங்கவா?)

முடிவு ஆ: எவுதிமியோ மனம் மாறி... (மாறவில்லை. காலையில் வந்தார், வண்டியில் ரம்பத்தோடு.)

“கண்ணைவிட மரம் பெருசாக்கா?”

“மரம் போனா இந்தக் கண்ணை வெச்சு எதைடா பாக்க? உன் மூஞ்சியையா?”

5
இதைத் தோப்பில், முழங்காலில் வைத்து எழுதுகிறேன். ஒரே ஒரு கூடு பாக்கி. மரத்துக்கு அந்தப்பக்கம் பள்ளம், இங்கிருந்துதான் சுடமுடியும். காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது; குண்டு பட்டுக் கூடு சிதறினால் தூள் நேரே கண்ணுக்குத்தான்.

“காத்து மாறட்டும்க்கா.”

“அதுவரைக்கும் புழு உனக்காகக் காத்திருக்குமா?”

துப்பாக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். எனக்குப் பயம்தான். தூரப் போய் நில்லுங்கள் என்றேன். இருக்கும் ஒரே கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். நான் வாங்கவில்லை.

இனி என்னால் எழுதமுடியாது, குறிபார்க்க வேண்டும். மீதியை நீங்கள் எழுதுங்கள். அக்காவின் கண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். என் கண் உங்கள் விருப்பம்.