அல்போன்சா டீச்சர் சொல்லாத வரி

ஆம்ப்ரோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அல்போன்சா சமையலறையில் சங்கரா மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"தம்பி போயிட்டான்."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. மீனைக் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி மூடிவைத்து, கைக்கு சோப்புப் போட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

"டீனா கூட யார் இருக்கா?"

தம்பி பெண்டாட்டியோடு அவள் மகள் ஜெசிகா இருப்பதாகச் சொன்னார்.

"உட்காருங்க. காபி போடறேன்."

ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. ஆட்டோவில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை என்பது மயிலாப்பூர் கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குடும்பக் குழி இருந்து, உரிய வருஷமும் கழிந்திருந்தால், அதையே திறப்பார்கள். பழைய எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பெட்டியை இறக்குவார்கள். டீனா வீட்டுக் குழி அவள் அப்பாவுக்காகப் போன வருஷம்தான் திறந்தது, இப்போது தொட முடியாது. மிச்சமிருப்பது ஆம்ப்ரோஸ் குடும்பத்துக் குழி. அதில் அவருடைய அப்பா, அம்மா, அவர்களுக்கு மேலே கடைசியாகக் கிளிஃபர்ட். ஆம்ப்ரோஸுக்கும் அல்போன்சாவுக்கும் ஒரே பிள்ளை. அவனை அந்தக் குழிக்கு அனுப்பியதே தம்பி ஃபிரெட்ரிக்தான்.

ஒரு ஞானஸ்நான விருந்து அன்று நடந்தது அது. ஃபிரெட்ரிக் குடித்திருந்தான். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று அஞ்சாம் வகுப்புப் பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன், அடையாறு பாலத்துக்குப் பக்கத்தில் தடுப்புச் சுவரில் மோதினான். அவனுக்குக் கால் ஒடிந்தது. பையன் வீடு திரும்பவில்லை. சித்தப்பா என்றால் கிளிஃபர்டுக்கு உயிர். பொடியனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சித்தப்பாவின் தோளில் ஏறிக்கொண்டுதான் சாந்தோம் கடற்கரைக்குப் போவான். அல்போன்சா கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடி, "கெட்டியாப் புடிச்சுக்கோ ஃபிரெட்டி!" என்று கத்துவாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் ஃபிரெட்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷம் ஆகப்போகிறது. அவன் அன்றே குடியை விட்டான். நொண்டிக்கொண்டே கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து போய்விடுவான்.

அல்போன்சா கணக்கு டீச்சர். பரிதாபப்பட்டு யாருக்கும் அரை மார்க் போட்டதாகச் சரித்திரம் கிடையாது. விடை வராத பையன் மோட்சத்துச் சாவி வைத்திருக்கிற இராயப்பரே ஆனாலும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள். தினமும் ஜெபமாலையை அவள்தான் நடத்துவாள், குரல் கணீரென்று இருக்கும். ஆனால் பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்ற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வாள். தியானம் கொடுக்க வந்த சாமியார் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வீடு தேடியே வந்துவிட்டார். "மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்லிப் பாருங்க டீச்சர், மனசு லேசாயிடும்" என்றார். "சொல்றதுக்கு என்ன ஃபாதர், ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா பொய்யாச்சே. யார்கிட்ட சொல்றோம்னு ஒண்ணு இருக்கு இல்ல?" என்றாள் இவள். சாமியார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆம்ப்ரோஸுக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம்தான். யோசிக்க யோசிக்கத்தான் உறைத்தது. அந்த வரியை நாள் தவறாமல் ஒப்பிக்கிற அவரே, கோயில் வாசலில் தம்பியைக் கண்டால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நழுவுகிறவர். இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் தம்பி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்வார்.

கிளிஃபர்டை இறக்கிய அன்று, குழியோரத்தில் அவர் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். உன்னைக் கேட்காமல் இதை யாரும் திறக்க மாட்டார்கள் என்று.

காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "அல்போன்சா, குழி..." என்று ஆரம்பித்தார்.

"உங்க தம்பி கேட்டாரா?"

"இல்ல. ஊருக்கு வெளிய எங்கயாவது கொண்டு போயிடுங்க, அண்ணியைக் கேக்கவே கேக்காதீங்கன்னு டீனா கிட்ட சொல்லி வச்சிருக்கான். அவளும் கேக்கல. நான்தான் கேக்கறேன். அம்மா கூட இருக்கட்டுமேன்னு..." அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அவருக்குத் தானும் ஆடியது. காபி வேட்டியில் கொட்டியது.

அவள் டம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தாள். துணி எடுத்து வேட்டியில் கொட்டியதைத் துடைத்துவிட்டாள்.

"திறக்கும்போது நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்கணும் இல்ல? புள்ளைய எடுக்கறப்போ."

"நான் நிக்கறேன்."

"உங்களால முடியாது" என்றாள், கணக்குக்கு விடை சொல்கிற குரலில். "நான் போறேன். பீரோவுல புது வெள்ளை வேட்டி இருக்கு, எடுங்க."

அவள் சொன்னது சரி. மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூடவே போன ஆம்ப்ரோஸுக்குப் புங்க மரத்தைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியவில்லை. அங்கிருந்தே பார்த்தார். குழி வெட்டுகிற கபாலி உள்ளே இறங்கியிருந்தான். அல்போன்சா புடவையைச் செருகிக்கொண்டு மண்மேட்டில் மண்டியிட்டிருந்தாள். அவன் ஒவ்வொன்றாக மேலே நீட்ட, இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையால் மண் துடைத்து, வேட்டியில் அடுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த கிளிஃபர்டுக்கு அவள் முகம் துடைத்துவிட்டதும் அப்படித்தான். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை. பெற்ற வயிறு எப்படித் தாங்குகிறது என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியவில்லை. அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"ஓரமா வெச்சுடட்டுமா டீச்சரம்மா? பெட்டி எறங்க எடம் கரெக்டா கீது" என்றான் கபாலி.

"வேணாம்பா. சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

மூட்டை சின்னதாகத்தான் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கல்லறைச் சிற்றாலய நிழலில் உட்கார்ந்தாள். கோயிலில் நடந்த பூசைக்கு அவள் வரவில்லை. ஆம்ப்ரோஸ் பூசையில் நின்றாரே தவிர, மனசெல்லாம் அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் பெட்டி வந்தது. கடைசியாகப் பார்ப்பவர்களுக்காக மூடியைத் திறந்துவைத்தார்கள். கோட்டும் டையுமாக, விரல்களில் ஜெபமாலை சுற்றியிருக்க, ஃபிரெட்ரிக் அண்ணனைவிடக் கிழவனாகத் தெரிந்தான். மூட்டையோடு அல்போன்சா வந்து நின்றதும் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. டீனா நிமிர்ந்து பார்க்கப் பயந்து, ஜெசிகாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பங்குச் சாமியார் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆம்ப்ரோஸ் தன் வாயை நிறுத்திவிட்டு, பக்கத்தில் காதைக் கொடுத்தார். அந்த வரி வந்தது. அல்போன்சா சொல்லவில்லை. என்றைக்கும் போல மௌனமாக இருந்து, தாண்டியதும் சேர்ந்துகொண்டாள்.  இத்தனை செய்தும் மன்னிப்பு இல்லையா என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார்.

கபாலி மூட்டைக்குக் கை நீட்டினான். "தலைமாட்ல வெக்கறதாம்மா, கால்மாட்லயா?"

"நீ இரு."

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரும் ஒரு காலத்தில் அவளிடம் கணக்குப் படித்தவர், ஜெபப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அல்போன்சா மூட்டையை ஃபிரெட்ரிக்கின் வலது தோளில் வைத்தாள். சரிந்தது. கோட்டு மடிப்பை இழுத்து அதன்மேல் போர்த்தி, கழுத்தோடு அணைவாக ஒதுக்கிவைத்தாள். இப்போது நின்றது.

"கெட்டியாப் புடிச்சுக்கோ ஃபிரெட்டி" என்றாள்.

டீனாவின் அழுகை வெடித்தது. மூடியும் சுத்தியலுமாக நின்ற கபாலி, அல்போன்சா கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தான். அந்தக் கை தோளின்மேலேயே இருந்தது.